புற்றுநோயின் வரலாறு – 19: ஐந்தாம் குரோமோசோமில் ஒரு வெற்றிடம்

புற்றுநோய்க்குக் காரணமான மரபணுக்களைத் தேடும் ஆராய்ச்சி 1970-களிலும் 1980-களின் முற்பகுதியிலும் பெரும்பாலும் ஒரே திசையில்தான் நடந்தது. இயல்பான செல்லில் அளவோடு வேலை செய்துவந்த ஒரு மரபணு, ஏதேனும் ஒரு மாற்றத்தால் வரம்பு மீறிச் செயல்படத் தொடங்கி, செல்லை ஓயாமல் பிளவுபட வைக்கிறது என்பதையும், அத்தகைய மரபணுக்களான சார்க், ராஸ், மிக் ஆகியவை கண்டறியப்பட்ட விதத்தையும் முந்தைய அத்தியாயங்கள் விவரித்தன. இவை தம் மிகையால் தீங்கு செய்பவை என்பதால், இவற்றைத் தேடும் வழியும் நேரானதாக இருந்தது: புற்றுச் செல்லின் டி.என்.ஏ.வைத் துண்டுகளாக்கி வேறு செல்களுக்குள் செலுத்தி, எந்தத் துண்டு அவற்றை நெறிபிறழச் செய்கிறது என்று பார்த்தால் போதும். தன் இன்மையால் தீங்கு விளைவிக்கும் மரபணுவை இந்த முறையில் பிடிக்க முடியாது. இல்லாத ஒன்றை எடுத்து எதற்குள்ளும் செலுத்த இயலாது. பெருங்குடல் புற்றுநோயின் தொடக்கத்துக்குக் காரணமான மரபணு 1991 வரை கைக்கு அகப்படாமல் இருந்ததற்கு இதுவே முதன்மையான காரணம்.

இன்மையும் நோய்க்குக் காரணமாகலாம் என்ற கருத்து இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஹாரிஸ், ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஜார்ஜ் கிளைன் முதலியோருடன் சேர்ந்து, புற்றுச் செல்லையும் அத்தன்மையற்ற செல்லையும் ஒன்றாக இணையச் செய்தபோது, அவ்வாறு உருவான கலப்புச் செல் புற்றுத்தன்மையை இழந்துவிடுவதையும், பின்னர் அது பிளவுபடுகையில் சில குரோமோசோம்களைத் தவறவிட்டால் அத்தன்மை திரும்பி வருவதையும் 1969-இல் வெளியிட்டார். இரண்டாண்டுகள் கழித்து, ஹூஸ்டனில் பணியாற்றிய ஆல்ஃபிரட் நட்சன், விழித்திரைப் புற்றுநோய் கண்ட 48 நோயாளிகளின் விவரங்களைக் கணக்கிட்டு, ஒரு செல் புற்றாவதற்கு இரண்டு அடிகள் விழ வேண்டும் என்றும், பரம்பரையாக நோய் வரும் குடும்பங்களில் முதல் அடி கருவிலேயே விழுந்துவிடுவதால் எஞ்சிய ஓர் அடியே போதுமானதாகிறது என்றும் முடிவு செய்தார். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக ஒவ்வொரு மரபணுவுக்கும் இரு பிரதிகள் உள்ளன; அவற்றுள் ஒன்று இருந்தாலும் செல் கட்டுக்குள் நிற்கிறது, இரண்டும் கெட்டால் கட்டுக் குலைகிறது. இவ்வகை மரபணுவே பின்னர் கட்டியடக்கி மரபணு எனப்பட்டது. விழித்திரைப் புற்றுக்குரிய மரபணு 1986-இல் பிரித்தெடுக்கப்பட்ட வரலாறு சென்ற அத்தியாயத்தில் கூறப்பட்டது. ஆயினும் அது குழந்தைகளுக்கு அரிதாக வரும் ஒரு நோய். வயது வந்தோரை உலகெங்கும் பெருமளவில் தாக்கும் ஒரு புற்றுநோய்க்கும் இந்தக் கருத்து பொருந்துமா என்ற கேள்வி எஞ்சி நின்றது. அதற்கான விடை பெருங்குடலிலிருந்து கிடைத்தது.

அந்த விடைக்குத் தேவையான பொருள், மரபணு என்பது டி.என்.ஏ.வால் ஆனது என்று எவரும் அறியாத காலத்திலேயே சேகரிக்கப்படத் தொடங்கியிருந்தது. லண்டனில் 1835-இல் தொடங்கப்பட்ட செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை, மலக்குடல், பெருங்குடல் நோய்களில் தனித் தேர்ச்சி பெற்றது. அங்கு அறுவை மருத்துவராக இருந்த ஜான் பெர்சி லாக்ஹார்ட்-மம்மரி, குடலின் உட்சுவர் முழுவதும் பாலிப்புகள், அதாவது காம்புடனோ காம்பின்றியோ முளைத்து நிற்கும் சதைப் புடைப்புகள், நூற்றுக்கணக்கில் தோன்றிய நோயாளிகளின் உறவினர்களை விசாரித்து, அந்நிலையும் அதைத் தொடர்ந்து வரும் புற்றுநோயும் தலைமுறைதோறும் தொடரும் மூன்று குடும்பங்களைப் பற்றி 1925-இல் லான்செட் இதழில் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டே இத்தகைய குடும்பங்களுக்கென ஒரு பதிவேடு அம்மருத்துவமனையில் தொடங்கப்பட்டிருந்தது. நோயியல் அறிஞர் கத்பர்ட் ட்யூக்ஸ் அதன் அறிவியல் பொறுப்பை ஏற்றார். பெருங்குடல் புற்றின் முற்றிய நிலையை அளக்க இன்றளவும் அவர் பெயரால் வழங்கும் வகைப்பாட்டை 1932-இல் வகுத்தவர் அவரே. பதிவேட்டை அன்றாடம் பேணியவரோ ட்யூக்ஸின் ஆய்வகத்தில் இளம் உதவியாளராகச் சேர்ந்த எச்.ஜே.ஆர். பஸ்ஸி. குடும்பம் குடும்பமாகக் கிளைவழி வரைந்து, யாருக்கு எந்த வயதில் பாலிப் கண்டது, யாருக்குப் புற்றானது, யார் தப்பினர் என்பதை அவர் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குறித்துவந்தார். 1975-இல் அவர் வெளியிட்ட நூல் அந்த உழைப்பின் திரட்டு. ஆய்வகக் கருவிகளைப் போற்றி எழுதப்படும் அறிவியல் வரலாறுகளில் பஸ்ஸி போன்ற பதிவேட்டுக்காரர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. இந்தக் கதையில் அவ்வாறு விடுவது உண்மைக்குப் புறம்பாகிவிடும்.

குடும்பவழிப் பாலிப் நோய் என்று வழங்கும் இந்நிலை ஏறத்தாழ 10,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுள் ஒவ்வொருவருக்கும் வரும் வாய்ப்பு சரிபாதி. பெரும்பாலும் பதின்பருவத்தில் பாலிப்புகள் தோன்றத் தொடங்கி, நூறுகளாகவும் சிலருக்கு ஆயிரங்களாகவும் பெருகுகின்றன. பெருங்குடலை அகற்றாவிட்டால் நாற்பது வயதையொட்டி ஏறக்குறைய அனைவருக்கும் அவற்றுள் ஒன்றேனும் புற்றாக மாறிவிடுகிறது. பாலிப்புகள் ஆயிரமாக இருக்கப் புற்றாவது ஒன்றோ இரண்டோ என்பதைக் கவனிக்க வேண்டும். பரம்பரையாக வந்த குறை பாலிப்பை முளைக்கச் செய்யப் போதுமானது என்றும், பாலிப் புற்றாவதற்கு அதற்கு மேலும் சில மாற்றங்கள் தேவை என்றும் அந்த எண்ணிக்கையே உணர்த்துகிறது. புற்று நல்ல திசுவில் திடீரென வெடிப்பதில்லை, தீங்கற்ற பாலிப்பின் வழியாகவே படிப்படியாக வருகிறது என்று லாக்ஹார்ட்-மம்மரியும் ட்யூக்ஸும் 1928-இலேயே வாதிட்டிருந்தனர்.

மரபணுவின் இருப்பிடத்தைக் காட்டிய முதல் தடயம் அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்து கிடைத்தது. பாலிப்புகளுடன் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் வேறு பிறவிக் குறைகளும் கொண்ட ஒருவரின் செல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, ஐந்தாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரு பகுதி அறவே இல்லாதிருப்பதை லெமுவேல் ஹெரேராவும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டு, 1986-இல் வெளியிட்டனர். ஒரே குரோமோசோம் துண்டில் அடுத்தடுத்து இருந்த பல மரபணுக்கள் ஒருசேரப் போனதால் பல குறைகள் ஒருங்கே தோன்றின என்றும், அவற்றுள் ஒன்றே பாலிப்புகளுக்குக் காரணம் என்றும் கொள்ள இடமிருந்தது. நோய்க்கான மரபணு இருக்கும் இடத்தை, அது இல்லாத ஒரு மனிதர் சுட்டிக்காட்டினார்.

இத்தடயத்தைப் பற்றிக்கொண்டு, லண்டனில் வால்டர் பாட்மரின் குழு பிணைப்பு ஆய்வில் இறங்கியது. ஒரு குடும்பத்தில் நோயும், குரோமோசோமின் ஒரு குறிப்பிட்ட இடத்திலுள்ள டி.என்.ஏ. அடையாளமும் தலைமுறைதோறும் பிரியாமல் சேர்ந்தே இறங்குமானால், நோய்க்கான மரபணு அந்த அடையாளத்துக்கு அருகில்தான் இருக்க வேண்டும் என்பது இவ்வாய்வின் அடிப்படை. இதற்கு வேண்டியவை நோயுற்றோரும் நோயற்றோரும் ஐயமின்றிப் பிரித்தறியப்பட்ட பெரிய குடும்பங்கள். ஐந்தாம் குரோமோசோமில் மரபணுவின் இடத்தை உறுதிசெய்து 1987-இல் நேச்சர் இதழில் வெளிவந்த கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் பஸ்ஸியின் பெயரும் இடம்பெற்றது. 1920-களில் தொடங்கிய ஒரு பதிவேடு அறுபதாண்டுகளுக்குப் பின் ஒரு மரபணுவின் முகவரியாகப் பயன்பட்டது. அதே ஆண்டில் யூட்டா மாநிலத்தில் ரே வைட்டின் குழுவும் வேறு குடும்பங்களைக் கொண்டு அதே முடிவுக்கு வந்தது.

பாட்மரின் கட்டுரையோடு சேர்ந்து அதே இதழில் வெளியான எலன் சாலமனின் கட்டுரை இன்னும் ஆழமான பொருள் கொண்டது. பரம்பரைத் தொடர்பு ஏதுமின்றித் தனித்து வந்த பெருங்குடல் புற்றுகளை அவர் எடுத்துக்கொண்டு, நோயாளியின் இயல்பான செல்களில் ஐந்தாம் குரோமோசோமின் அப்பகுதிக்கு இரு வேறு பிரதிகள் இருக்க, புற்றுச் செல்களில் ஒன்று மட்டுமே எஞ்சியிருப்பதைக் கணிசமான நோயாளிகளிடம் காட்டினார். குடும்பவழிப் பாலிப் நோயால் வருபவை பெருங்குடல் புற்றுகளுள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அந்த அரிய நோயில் பிறவியிலேயே கெட்டுப்போகும் அதே மரபணுதான், எஞ்சிய பெரும்பான்மையோருக்கு வாழ்நாளின் போக்கில் ஏதோ ஒரு குடல் செல்லில் கெட்டுப்போகிறது என்ற எண்ணம் முதன்முதலாக இங்கு சான்று பெற்றது.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் வோகல்ஸ்டைன், ஆய்வுக்குப் பெருங்குடலைத் தேர்ந்ததற்குத் தெளிவான காரணம் இருந்தது. மூளையிலோ கணையத்திலோ புற்று கண்டறியப்படும்போது அதன் தொடக்க நிலைகள் கடந்துபோயிருக்கும்; பெருங்குடலிலோ சிறு பாலிப், பெரிய பாலிப், உள்ளே புற்று கண்ட பாலிப், பரவிய புற்று என்று ஒவ்வொரு படியையும் அறுவை மருத்துவர் கையில் எடுத்துக் கொடுக்க முடியும். அவருடைய குழு 1988-இல் இப்படிகள் ஒவ்வொன்றிலும் எந்த மரபணுக்கள் மாறியுள்ளன என்பதை வரிசைப்படுத்தியது. 1989-இல் பதினேழாம் குரோமோசோமில் காணாமற்போவது பி53 என்ற மரபணு என்று காட்டியது. 1990-இல் எரிக் ஃபியரானும் வோகல்ஸ்டைனும் இவற்றைக் கோத்து, பெருங்குடல் புற்று பல மாற்றங்களின் திரட்சியால் உருவாகிறது என்ற மாதிரியை வெளியிட்டனர். புற்றுநோய் மரபியலில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் வரைபடங்களுள் ஒன்றான அம்மாதிரியின் முதல் படியில், ஐந்தாம் குரோமோசோமில் உள்ள இன்னும் பிடிபடாத மரபணு என்றுதான் குறிக்கப்பட்டிருந்தது. கட்டடத்தின் அடித்தளமாகக் கருதப்பட்ட கல்லையே எவரும் கண்ணால் கண்டிருக்கவில்லை.

1991-இன் முதல் பாதியில் தேடல் ஒரு தவறான வீட்டு வாசலில் நின்றது. அந்த ஆண்டு மார்ச்சில், வோகல்ஸ்டைனுடன் பணியாற்றிய கென்னத் கின்ஸ்லரும் டோக்கியோவின் யூசுகே நாகமுராவும் முதன்மையாக ஈடுபட்ட குழு, அப்பகுதியிலிருந்து எம்.சி.சி. என்ற மரபணுவைப் பிரித்தெடுத்து, சில பெருங்குடல் புற்றுகளில் அது மாற்றமடைந்திருப்பதையும் காட்டியது. ஆனால் குடும்பவழிப் பாலிப் நோயாளிகளிடம் பிறவியிலேயே அது கெட்டிருப்பதாகக் காட்ட முடியவில்லை; புற்றில் மாறியிருப்பது மட்டுமே ஒரு மரபணுவைக் குற்றவாளியாக்காது என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. அதே வேளையில் யூட்டாவில், தொடர்பற்ற இரு நோயாளிகளிடம் நுண்ணோக்கிக்கும் புலப்படாத அளவில், ஒருவரிடம் ஏறத்தாழ 1,00,000 எழுத்துகளும் மற்றவரிடம் ஏறத்தாழ 2,60,000 எழுத்துகளும் விடுபட்டிருப்பது தெரியவந்தது. எம்.சி.சி. மரபணு சிறிய இடைவெளிக்கு வெளியே நின்றது. உள்ளே இருந்த மூன்று மரபணுக்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்ததில், ஒன்றில் மட்டும் வேறு நோயாளிகளிடமும் பிழைகள் கிடைத்தன. ஆகஸ்டில் செல் இதழில் ரே வைட்டின் குழுவும், சயன்ஸ் இதழில் பால்டிமோர், டோக்கியோ குழுக்களும் ஏ.பி.சி. என்று பெயரிடப்பட்ட அம்மரபணுவை ஒருங்கே அறிவித்தன.

ஏ.பி.சி. உருவாக்கும் புரதம் 2,843 அமினோ அமிலங்கள் கோத்த மிக நீண்ட சங்கிலி. நோயாளிகளிடம் காணப்பட்ட பிழைகள் பெரும்பாலும் ஒரே தன்மையின: எழுத்து மாறியதாலோ சில எழுத்துகள் விடுபட்டதாலோ, நிறுத்து என்னும் குறி நடுவழியில் தோன்றிவிட, புரதம் பாதியில் அறுந்துபோகிறது. அடுத்த ஆண்டில் ஸ்டீவன் பவலும் உடனுழைத்தோரும், பரம்பரைத் தொடர்பற்ற கட்டிகளை ஆராய்ந்து, அரை சென்டிமீட்டர் அளவேயான பாலிப்புகளிலும் இதே பிழைகள் இருப்பதையும், பரவிய புற்றுகளில் காணப்படும் விகிதத்திலேயே அவையும் இருப்பதையும் நிறுவினர். ராஸ், பி53 ஆகியவற்றின் மாற்றங்கள் கட்டி வளர வளரக் கூடுபவை, ஏ.பி.சி.யின் இழப்போ தொடக்கத்திலேயே முழு அளவில் நிகழ்ந்துவிடுவது. பின்னாளில் நடந்த விரிவான ஆய்வுகள் பெருங்குடல் புற்றுகளுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கில் இம்மரபணு கெட்டிருப்பதைக் காட்டின.

எலியும் இதற்குச் சான்று பகர்ந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டவ்வின் ஆய்வகத்தில், மரபணுக்களைத் தற்செயலாக மாற்றும் வேதிப்பொருள் கொடுக்கப்பட்ட எலி ஒன்றின் வழித்தோன்றல்களிடம் இரத்தசோகை கண்டது. காரணத்தைத் தேடிய ஏமி மோசர், அவற்றின் குடலெங்கும் முளைத்த கட்டிகளிலிருந்து இரத்தம் கசிவதைக் கண்டு 1990-இல் வெளியிட்டார். 1992-இல் அவ்வெலிகளிடம் கெட்டிருந்ததும் ஏ.பி.சி. மரபணுவே என்பது தெரிந்தது.

மரபணு கிடைத்துவிட்டது, அதன் புரதம் செல்லில் என்ன வேலை செய்கிறது என்பது அப்போதும் இருளாகவே இருந்தது. புரதத்தின் தொழிலை அறிய, அது வேறு எந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது என்று பார்ப்பது ஒரு வழி. அவ்வாறு பார்த்த பால் போலாகிஸின் குழுவும் வோகல்ஸ்டைன் குழுவும் 1993-இல் தனித்தனியே ஒரே விடையைப் பெற்றன: ஏ.பி.சி. பற்றிக்கொள்வது பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தை. செல்லும் செல்லும் ஒட்டி நிற்க உதவும் பொருளாகவே அது அதுவரை பெரிதும் அறியப்பட்டிருந்தது. அதற்கு வேறொரு தொழிலும் உண்டு என்பதைக் காட்டியது புற்றுநோயோடு எவ்வகையிலும் தொடர்பில்லாததாகத் தோன்றிய ஒரு பழ ஈ. டெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் ஆர்.பி. சர்மா 1970-களின் முற்பகுதியில் இறக்கை முளைக்காத ஒரு பழ ஈ வகையைக் கண்டு, அதற்கு விங்லெஸ் என்று பெயரிட்டு, வி.எல். சோப்ராவுடன் சேர்ந்து 1976-இல் விரிவாக எழுதியிருந்தார். எலியின் மார்பகக் கட்டியில் ரோல் நுஸ்ஸும் ஹெரால்டு வார்மஸும் 1982-இல் கண்டெடுத்த இன்ட்-1 மரபணு, அந்த ஈயின் மரபணுவுக்கு நேரான உறவு என்பது 1987-இல் தெரியவந்தது. இரு பெயர்களையும் கலந்து விண்ட் என்று அழைக்கப்பட்ட இக்குடும்பத்துப் புரதங்கள், கருவளர்ச்சியில் ஒரு செல் மற்றொரு செல்லுக்கு அனுப்பும் செய்திகள். அச்செய்தியைப் பெறும் செல்லுக்குள் அதை உட்கருவரை சுமந்து செல்லும் தூதனே பீட்டா-கேட்டனின்.

1990-களின் இறுதிக்குள் முழுப் படம் தெளிந்தது. செய்தி வராத வேளையில் செல்லுக்குள் பீட்டா-கேட்டனின் தங்குவதற்கு இடமில்லை. ஏ.பி.சி.யும் ஆக்சின் என்ற மற்றொரு புரதமும் சட்டகமாக நின்று அதைப் பிடித்து வைக்க, நொதிகள் அதன்மீது பாஸ்பேட் முத்திரை பதிக்கின்றன. முத்திரை பெற்றது உடனே செல்லின் சிதைப்பு எந்திரத்துக்கு அனுப்பப்படுகிறது. செல் அதை ஓயாமல் தயாரிக்கிறது, ஓயாமல் அழிக்கிறது. விண்ட் செய்தி வந்தால் மட்டும் இவ்வழிப்பு நிறுத்தப்பட, சேர்ந்த பீட்டா-கேட்டனின் உட்கருவுக்குள் நுழைந்து, டி.சி.எஃப். எனப்படும் புரதங்களோடு கூடி, செல்லைப் பிளவுபடத் தூண்டும் மரபணுக்களை எழுப்புகிறது. ஏ.பி.சி. போய்விட்டாலோ சட்டகம் குலைகிறது, முத்திரை விழுவதில்லை, வராத செய்தி வந்துகொண்டே இருப்பதாக அந்தச் செல் நடந்துகொள்கிறது. நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளேவர்ஸ் குழுவும் பால்டிமோர் குழுவும் 1997-இல் இதை ஒருங்கே நிறுவின. அவ்வாண்டின் மிக அழகான சான்று, ஏ.பி.சி. பழுதுபடாத சில பெருங்குடல் புற்றுகளிலிருந்து வந்தது: அவற்றில் பீட்டா-கேட்டனினே, முத்திரை விழ வேண்டிய இடத்தில், மாற்றமடைந்திருந்தது. காவலன் இல்லாமற்போனாலும், காவலன் கைக்குப் பிடி கிடைக்காமற்போனாலும் விளைவு ஒன்றே. உட்கருவில் எழுப்பப்படும் மரபணுக்களுள் மிக் ஒன்று என்பது 1998-இல் காட்டப்பட்டபோது, மிகையால் தீங்கு செய்யும் மரபணுக்களின் கதையும் இன்மையால் தீங்கு செய்யும் மரபணுவின் கதையும் ஒரே செல்லுக்குள் வந்து கூடின.

இந்த ஒரு பிழை பெருங்குடலில் இவ்வளவு பெரிய கேட்டை விளைவிப்பதற்குக் குடலின் அமைப்பே காரணம். அதன் உட்சுவர் கோடிக்கணக்கான நுண்குழிகளால் ஆனது. குழியின் அடியில் உள்ள ஸ்டெம் செல்கள் எனப்படும் குருத்தணுக்கள் விண்ட் செய்தியைக் கேட்டுப் பிளவுபட்டுக்கொண்டே இருக்க, பிறந்த செல்கள் மேல்நோக்கி நகர்ந்து, செய்தி எட்டாத உயரத்தை அடைந்ததும் பிளவுபடுவதை விட்டு, சளி சுரப்பது, நீரை உறிஞ்சுவது முதலான தொழில்களை ஏற்று, நான்கைந்து நாட்களில் விளிம்பை அடைந்து உதிர்ந்துவிடுகின்றன. இந்த இடையறாத உதிர்வு ஒரு பெரும் பாதுகாப்பு. வழியில் பழுதுபட்ட செல்லும் சில நாட்களில் மலத்தோடு போய்விடும். ஏ.பி.சி.யை இழந்த செல்லோ தொழில் ஏற்க மறுத்து, குழியின் அடியில் இருப்பதுபோன்றே பிளவுபட்டு, இடத்தை விட்டு அகலாமல் குவிகிறது. அக்குவியலே பாலிப். உதிர்ந்துபோயிருக்க வேண்டிய ஒரு செல்வழி ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடுவதால், ராஸ், பி53 முதலிய அடுத்தடுத்த பழுதுகள் அதில் சேர்வதற்குக் காலம் கிடைக்கிறது. 2009-இல் நிக் பார்க்கரும் கிளேவர்ஸும் எலிகளின் சிறுகுடலில், குருத்தணுக்களிலேயே ஏ.பி.சி.யை நீக்கியபோது கட்டிகள் விரைந்து வளர்வதையும், பாதி வழி நகர்ந்துவிட்ட செல்களில் நீக்கியபோது அவை பெரும்பாலும் வளர்ச்சி நின்று சிறியனவாகவே தங்கிவிடுவதையும் கண்டனர்.

இழப்பு என்ற சொல்லையும் இங்கு அளவோடுதான் கையாள வேண்டும். நட்சனின் கணக்கில் இரு அடிகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. ஏ.பி.சி.யிலோ இரண்டாம் அடி முதல் அடியைப் பொறுத்தே அமைவதை 1990-களின் இறுதியில் பாட்மர், இயான் டாம்லின்சன் ஆகியோர் சார்ந்த குழுக்கள் கண்டன. புரதச் சங்கிலியின் 1,300-ஆம் இடத்தையொட்டிப் பிறவிப் பிழை இருந்தால் மற்றப் பிரதி முழுதாகவே காணாமற்போகிறது. பிறவிப் பிழை வேறிடத்தில் இருந்தால் இரண்டாம் பிழை பெரும்பாலும் அந்த நடுப்பகுதியில் விழுந்து, பீட்டா-கேட்டனினைச் சிறிதளவு பிடிக்கவல்ல குறைப்புரதம் ஒன்றை மிச்சம் வைக்கிறது. செய்தி அறவே கட்டுக்கடங்காமற்போனால் செல் மடியக்கூடும் என்பதால், வளர்வதற்கு ஏற்ற அளவு கேட்டைப் பெற்ற செல்லே எஞ்சிப் பெருகுகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். 1,309-ஆம் இடத்தில் ஐந்து எழுத்துகள் விடுபட்டவர்களுக்குப் பாலிப்புகள் ஆயிரக்கணக்கில் இளவயதிலேயே முளைப்பதும், சங்கிலியின் தொடக்கத்திலேயே பிழை உள்ள குடும்பங்களில் சில பத்துகளோடு நோய் மந்தமாகச் செல்வதும் இதே மரபணுவின் இரு முகங்கள்.

காணாமற்போனதைத் திருப்பிக் கொடுத்தால் என்ன நிகழும் என்பதை நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தில் லூகாஸ் டவ், ஸ்காட் லோ ஆகியோர் 2015-இல் எலிகளிடம் சோதித்தனர். மருந்து கொடுக்கப்படும் காலம் முழுவதும் ஏ.பி.சி. அடங்கியிருக்கவும், நிறுத்தினால் அது மீளவும் வகை செய்யப்பட்ட எலிகளில் பெருங்குடல் கட்டிகளை வளர்த்து, பின்னர் மருந்தை நிறுத்தினர். ராஸ், பி53 பழுதுகளும் சேர்ந்திருந்த கட்டிகள்கூட இரண்டு வாரங்களில் சுருங்கின. புற்றாகப் பெருகிய செல்கள் இயல்பான குடல் செல்களாக முதிர்ந்து, நுண்குழிகள் பழைய அமைப்புக்குத் திரும்பின. கட்டியைத் தொடங்கிவைக்கும் அந்த வெற்றிடமே, பிற பழுதுகள் சேர்ந்த பின்னும் அதைத் தாங்கி நிற்கிறது என்பது இதனால் தெளிவாகிறது. மனிதக் குடலில் அறுந்த புரதத்தை மீட்டுத் தரும் மருந்து மருத்துவர் கையில் இன்னும் இல்லை. பாலிப் நோய்க் குடும்பங்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு இப்போது இரத்தச் சோதனை ஒன்றால், பாலிப் முளைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பிழை உண்டா இல்லையா என்று சொல்லிவிட முடிகிறது. இல்லையெனில் அக்குழந்தை ஆண்டுதோறும் குடல் உள்நோக்கிக்கு ஆட்பட வேண்டியதில்லை. உண்டெனில் பத்துப் பன்னிரண்டு வயதில் அந்தச் சோதனைகள் தொடங்குகின்றன, பாலிப்புகள் பெருகும் நிலை வந்ததும் பெருங்குடல் அகற்றப்படுகிறது. செயின்ட் மார்க்ஸ் பதிவேட்டின் தொடக்கப் பக்கங்களில் நாற்பதைக் காணாமல் இறந்தவர்களாகக் குறிக்கப்பட்டோரின் கிளைகளில், முதுமை எய்துவோர் இன்று இருக்கின்றனர்.

(தொடரும்)